அலுங்காத பாதை

மூன்றாம் முறையும் அதே உசிலை மரத்தடிக்குத்தான் வந்து சேர்ந்தார் பி.டி.ஓ. ரெங்கராஜ். ஆனாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேற்பார்வைக்கு வந்தவர் போலவே நின்றார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராக்காயி எழுந்தாள். “இன்னைக்கு என்னங்க, இங்கிட்டு ஒரே பெரிய மனுசங்க நடமாட்டமா இருக்கு?”

இந்தக் காட்டிலும் நம் அருமை தெரிந்திருக்கிறதே என்று ரெங்கராஜுக்கு ஒரு கணம் உச்சி குளிர்ந்தது.

அன்னவாசலுக்கு அப்பால், இரண்டு மொட்டைப் பாறை மலைகளுக்கு நடுவே கிடந்த பள்ளத்தாக்கில் உலாவும் பாதை போட யோசனை சொன்னவரே அவர்தான். ‘குழந்தையும் கிழவரும் அலுங்காமல் நடக்கலாம், வழிகாட்டி தேவையில்லை’ என்று மேலிடத்துக்கு எழுதினார். ஆபீஸ் நாற்காலியை விட்டு எழாமலே படம் வரைந்து, பன்னிரண்டு அம்புக்குறிப் பலகைகளுக்கு இடமும் குறித்தார்.

பத்து மணிக்குக் கலெக்டர் வந்து திறந்துவைக்கிறார். அவர் மெச்சினால் பதவி உயர்வு. முகம் சுளித்தால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல்.

அதற்குள் ஒரு நடை பார்த்துவிடலாமென்று தனியாக உள்ளே நுழைந்தவர்தான் ரெங்கராஜ். ஒன்பதுக்கே ரோட்டில் ஜீப் ஹாரன் கேட்டது. இப்போது கடிகாரத்தில் மணி பத்து.

“ரோட்டுக்குத்தானுங்களே? இந்த மரத்தடிப் பலகை காட்டுறதுக்கு எதுத்தாப்புல எறங்குங்க. கூப்பிடு தூரந்தான்.”

“போர்டு இந்தப் பக்கம்ல காட்டுது. நீ படிச்சுப் பாத்தியா?”

“எனக்கு எங்கிட்டுங்க படிப்பு? அதான் பொழுதோட வீடு போய்ச் சேர்றேன்.”

ரெங்கராஜ் முறைத்தார். சொந்தப் பலகைக்கு எதிராக ஓரடி வைத்தாலும், தாம் எழுதியதெல்லாம் பொய்யென்று தாமே கையெழுத்துப் போட்டதாகிவிடுமே! அம்பு காட்டிய பக்கமே விறைப்பாக நடந்தார்.

இரண்டு பக்கமும் பாறை அடுப்பாய்க் கொதித்தது. காரைமுள் வேட்டியைப் பிடித்து இழுத்தது; செருப்பு வார் அறுந்தது. அரை மணி கழித்து, எங்கும் போகாமல் இவருக்காகவே காத்திருந்ததுபோல் நின்றது உசிலை மரம்.

ரெங்கராஜ் பொத்தென்று உட்கார்ந்தார். “யாரும்மா இந்த போர்டை இங்க நட்டது? என் படத்துல இந்த எடமே இல்லியே!”

“நீங்க குறிச்ச எடமெல்லாம் பாறையாம்ல. கடப்பாறை எறங்கலன்னு, மண்ணு கண்ட எடமாப் பாத்து நட்டுட்டுப் போயிட்டாங்க.”

அவர் குரல் இறங்கிவிட்டது. “நீயே வழி காட்டு தாயி. நான் சுத்துனது வெளிய தெரியவே கூடாது. முக்கியமா, ரோட்டுல காத்துக்கிட்டு நிக்கிற கலெக்டருக்கு.”

ராக்காயி பாறை வளைவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“செத்த இருங்கய்யா, அந்தா கலெக்டரும் ரெண்டாஞ்சுத்து முடிச்சு வாராரு; சேந்தே போயிருவோம்!”