ஒரு தடவைக்கு ஓர் ‘இல்லை’

காபி ஆறுவதற்குள் லினக்ஸ் கணினி அவரை நானூறு முறை திருப்பி அனுப்பிவிட்டது.

அப்படித்தான் அவர் முழங்கினார்.

“நாலு” என்றாள் அவர் மனைவி கோமு, கட்டிலிலிருந்து.

அவர் மேசையைக் குத்திய சத்தத்தை எண்ணியிருந்தாள். பார்வை மங்கியபின் காதுதான் அவளுக்கு எல்லாம்.

பார்வை மங்குமுன் அவள் வாசித்துக்கொண்டிருந்த நாவலில் கடைசி இருபது பக்கம் பாக்கி. முடிவு தெரியாமல் ஆறு மாதமாகத் தவிக்கிறாள். அவரை வாசிக்கச் சொன்னால் கதையில் இல்லாத யானையெல்லாம் வரும்.

ஆகவே, புத்தகத்தைத் தமிழில் வாசித்துக்காட்டும் ஒரு மென்பொருள். நாமே கட்டி ஓடவைக்க வேண்டிய மூலநிரலாகத்தான் கிடைத்தது. அரிசி மாதிரி. உலையும் விறகும் நம் பாடு.

மறுபடி கட்டளையைத் தட்டினார். திரையில் எழுத்து ஓடியது. நின்றது.

ஒரு கருவி இல்லை என்றது.

இறக்கினார். நிறுவினார். முதலிலிருந்து தொடங்கினார்.

இன்னொரு கருவி இல்லை.

அதையும் நிறுவினார்.

ஒலி எழுப்பும் நிரல்களின் நூலகம் இல்லை.

இருக்கிறதே! போன வாரம்தானே போட்டார்!

இருக்கிறதாம். ஆனால் அது பாட்டுக் கேட்க மட்டுமாம். மென்பொருள் கட்டுவதற்கு அதே நூலகத்தின் வேறொரு பொதி வேண்டுமாம்.

அவர் நெற்றி நரம்பு தேர்வடம்போலப் புடைத்தது.

“படுபாவி! இல்லாததை எல்லாம் ஒரே சீட்டுல எழுதிக் குடுத்தா வாயில இருக்க முத்து உதிர்ந்துருமா? ஒரு மனுசன இப்படியா அலைய விடுவான்?”

கோமு மெல்லச் சொன்னாள்.

“எங்கம்மைய நீங்க ஆறு தடவ அலைய விட்டியளே, விதவை பென்சனுக்கு. ரேஷன் கார்டு கொண்டு வந்தா நகல் கேட்டிய. நகல் கொண்டு வந்தா அதுல ஆபீசர் கையெழுத்து கேட்டிய.”

அவர்கள் கல்யாணத்துக்கு முந்திய சங்கதி. அப்போது அவர் தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா.

நாற்பது வருடமாக இதற்கு அவரிடம் ஒரே பதில்தான். அப்படி நடக்கவே இல்லை. அத்தை பெருக்கிச் சொல்கிறார்.

இன்று அவர் விசைப்பலகைப் பக்கம் திரும்பினார்.

பொதியை நிறுவினார். கட்டளையைத் தட்டினார்.

எழுத்து ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

சற்றைக்கெல்லாம் கணினிக்குள்ளிருந்து தட்டையான ஒரு குரல், விட்ட இடத்திலிருந்து நாவலைத் தொடங்கிற்று. கோமு தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவர் அந்தக் குரலை நிறுத்தினார்.

“ஆறு தடவ இல்ல, கோமு” என்றார். “ஒம்பது.”