முன்வரிசை ரசிகர்கள்

பெண் பார்க்க வந்த கோகுலகிருஷ்ணன், தனியாகப் பேசக் கிடைத்த ஐந்து நிமிஷத்தில் தன் ராக் பேண்டின் வரலாற்றை வேல்விழியிடம் அவிழ்த்துவிட்டான்.

"ரெண்டாயிரத்து மூணுல ஆரம்பிச்சோங்க. பங்க், ஸ்கா, ரெகேன்னு மூணு வெளிநாட்டு இசையையும் கலந்து வாசிப்போம். ரெண்டு தடவ சண்ட போட்டுப் பிரிஞ்சு சேந்தோம். ஆனா ஞாயித்துக்கிழம தவறாம ஆயிரம் பேரு முன்னாடி வாசிக்கிறோம். ஒருத்தரும் பாதியில எழுந்து போனதில்ல. ட்ரம்ஸ் வேகமெடுத்தா முன்வரிசையில நாலஞ்சு கழுத்தே ஒடியும்!"

"விருத்தாசலத்துல எங்கங்க அவ்ளோ கூட்டம்?"

"பீங்கான் பொம்மைக் கம்பெனி கொட்டகையிலங்க. காய வச்சிருக்கற பொம்மைங்கதான் எங்க ரசிகருங்க."

அங்கேதான் வேல்விழிக்கு வேலை. திங்கட்கிழமைதோறும் கழுத்தொடிந்த பொம்மைகளுக்காகத் திட்டு வாங்குவதும் அவள்தான்.

கதவைத் திறந்து கத்தினாள்: "யம்மா, சம்மதம்னு சொல்லிடு! ஞாயித்துக்கிழமையில இவர வூட்டோட வச்சிருந்தாத்தான் என் வேல நெலைக்கும்."