எட்டாவது பாட்டு

ஏழு பாட்டு முடிந்திருந்தது.

எட்டாவது தொடங்கியதும் அவர் போனில் சத்தத்தைக் குறைத்தார். மாடிப் பக்கம் காதைக் கொடுத்தார். மனைவி மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வர இன்னும் கொஞ்சம் நேரமாகும்.

இந்தப் பாட்டு அவருக்குத் தெரியும். எந்த இடத்தில் நிற்கும் என்பதும் தெரியும்.

நிறுத்தியவரே அவர்தான்.

கூட வேலை பார்க்கும் பால்ச்சாமி காலையில் லிங்க் அனுப்பியிருந்தான். இந்த வாரம் வெளியான புது ஆல்பங்கள் என்று நீளமாக ஒரு பட்டியல். ராக்கில் மூன்று. நாட்டுப்புறத்தில் இரண்டு. கண்ட்ரி என்று ஒரு வகை உண்டாம், எந்த கண்ட்ரி என்று எழுதவில்லை. ராக்கில் இரண்டாவதாக மகன் பேர் இருந்தது. நவநீதன். சுருக்காமல், மாற்றாமல், அவர் வைத்த பேர்.

பட்டியல் போட்ட புண்ணியவான் அதற்குக் கீழே இரண்டு வரியும் எழுதியிருந்தான். எட்டாவது பாட்டு பாதியில் அறுந்துபோகிறதாம். அதற்குப் பிறகு வரும் நாற்பது விநாடியைப் பற்றி அவன் சொல்ல மாட்டானாம். நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்தான்.

மத்தியானத்துக்குள் அந்த இரண்டு வரியை அவர் பத்துத் தடவை படித்திருந்தார்.

பதினைந்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி திருமங்கலத்துக்கு வளைகாப்புக்குப் போயிருந்தாள். மகன் கிடைத்த வேலையை உதறிவிட்டு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு காலையிலிருந்து கிட்டாரில் இதே பாட்டை வாசித்துக்கொண்டிருந்தான்.

அவர் மின்வாரியத்தில் லைன்மேன். ஊரில் எத்தனையோ வீட்டு ஃபியூஸைப் பிடுங்கிய கை. அன்றைக்குச் சொந்த வீட்டு ஃபியூஸைப் பிடுங்கியது.

பாட்டு நின்றது. கதவைத் தள்ளித் திறந்து, வாசலில் நின்று, வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினார்.

அவன் லேப்டாப்புக்குள் பேட்டரி இருக்கும் என்பது கரண்டுக்காரருக்குத் தோன்றவில்லை. இருட்டறையில் அதன் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவர் கத்தக் கத்த அதில் ஒரு பச்சைக் கோடு குதித்துக் குதித்து அடங்கியது. அவர் பேசியதெல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தது என்று பிறகுதான் புரிந்தது.

மறுநாள் விடியுமுன் அவன் பெங்களூருக்குப் போய்விட்டான்.

மாதத்துக்கு ஒருமுறை ‘நல்லா இருக்கேன்’ என்று அம்மாவின் போனுக்கு ஒரு வரி வரும். குரல் வராது. இவள் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டான். அப்படி என்னதான் நடந்தது என்று அவள் கேட்காத நாள் இல்லை. ஒன்றுமில்லை என்று அவர் சொல்லாத நாளும் இல்லை.

இனி அவர் கத்தியதை அவளும் காதால் கேட்பாள். ஊரே கேட்கும்.

இதோ, அந்த இடம்.

டப்.

கரண்டு போன கிட்டார் மெலிசாக இரண்டு தடவை முனகியது. பிறகு கதவு திறக்கும் சத்தம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றும் வரவில்லை.

போனைக் காதருகே கொண்டுபோனார். சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். முழுசாக வைத்தார்.

ஒன்றுமே இல்லை. அவர் பேசியதை வெட்டி எடுத்திருக்கிறான். வெட்டிய இடத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறான்.

உலகத்துக்குத்தான் அது வெறும் இடம். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் வரிசையாகக் கேட்டது.

ஒனக்குப் போட்ட சோத்த ஒரு நாய்க்குப் போட்டிருந்தா வாலையாவது ஆட்டியிருக்கும். அது இந்த இடம்.

ஒன்னயப் பெத்த நேரத்துல அவ செத்துப் போயிருக்கலாம். இது இங்கே.

கடைசியாகச் சொன்னதும் வந்தது. இனிமே இந்த வீட்டுல ஒன் சத்தமே கேக்கக் கூடாது.

“சரிப்பா.”

மகனின் குரல். பக்கத்தில் நின்று சொல்வதுபோல் வீடு முழுக்கக் கேட்டது. கோபமே இல்லாத குரல்.

அதை மட்டும் அவன் வெட்டவில்லை.

படியில் தடதடவென்று காலடி. தோளில் கிடந்த துணி பாதி வழியிலேயே சரிந்து விழ, அவள் ஓடிவந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

“தம்பி கொரலுல்ல. போன் பண்ணுனானா?”

அவர் தலையை ஆட்டினார். ஆமென்றா இல்லையென்றா என்று அவருக்கே தெரியாது.

“என்னங்க சொன்னான்?”

“சரின்னான்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பதினைந்து மாதத்தில் முதல் முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றாள்.

எட்டுப் பாட்டும் முடிந்து, போன் தானாகவே வேறு யாருடைய ஆல்பத்தையோ பாட ஆரம்பித்தது. அதை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.