அரை ஸ்பூன்

"போட்டுட்டியா?" என்று அக்கா காதோடு காதாகக் கேட்டாள்.

"அரை ஸ்பூன்தான்க்கா. காய்க்கும் பாஸ்தாவுக்கும் நடுவுல ஒளிச்சிருக்கேன்."

"நல்லா வேகட்டும். சந்தேகம் வந்தா அவ தொடவே மாட்டா."

ஓவனுக்குள் தக்காளிச் சாறு கொதித்தது. மேலே கேரட்டும் குடைமிளகாயும் முறுகிவிட்டன. அவன் ஓவன் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"எவ்வளவு நேரத்துல தெரியும்?"

"அரை மணிக்குள்ள. இப்பப் போய்ப் பின்வாங்காதே."

மேஜையில் தட்டை வைத்தான். அவள் புத்தகத்தில் கண் வைத்தபடியே மெல்ல மென்றாள். அக்கா முதுகுக்குப் பின்னால் ஊசியை மறைத்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம் போனது. இருபதும் போனது. திடீரென்று அவள் இருமினாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவன் பாய்ந்து எழுந்தான்.

"மிளகுப்பா!" என்று தண்ணீரை எடுத்துக் குடித்தாள் அவனுடைய எட்டு வயது மகள்.

கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு வாய் பாலுக்கே முகம் வீங்கி, மூச்சுத் திணறி, அவன் தோளில் துவண்டவள். 'ஒவ்வாமை தணிந்திருக்கிறது. இனி நன்றாக வெந்த சீஸ் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள், நர்ஸாக இருக்கும் உங்கள் அக்கா பக்கத்தில் இருக்கட்டும்' என்று சோதனையெல்லாம் முடித்து டாக்டர் சொல்லியிருந்தார். சீஸ் என்ற பேரைக் கேட்டாலே பயத்தில் அவளுக்குத் தொண்டை அடைக்கும் என்றுதான் சொல்லாமல் கொடுத்தார்கள்.

அரை மணி தாண்டியது. ஒவ்வாமை வந்தால் போட வைத்திருந்த ஊசியை அக்கா பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

மகள் காலித் தட்டோடு வந்து நின்றாள். "இன்னைக்கு மட்டும் எப்படிப்பா இவ்வளவு ருசி? என்ன போட்டீங்க?"

சொல்ல வாயெடுத்தவனுக்கு அழுகைதான் வந்தது.