ஏழு இடம், ஏழு படம்

"டெல்லியில பாக்க வேண்டிய ஏழு இடத்தையும் எழுதியிருக்கேன் வள்ளி. ஒவ்வொரு எடத்துலயும் சிரிச்சாப்புல ஒரு போட்டோ எடுத்து அனுப்பணும்" என்றான் அண்ணன் கந்தவேல்.

படுக்கையில் கிடக்கும் அம்மாவை ஒன்பது வருஷமாக அள்ளிக் கழுவிப் பார்த்துக்கொண்டவள் சண்முகவள்ளி. வீடு அவளுக்குத்தான் என்று தெருவே கேட்க அம்மா சொன்னதிலிருந்து அண்ணன் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவனே இன்று டூருக்குச் சீட்டு எடுத்து நீட்டியதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மாவ விட்டுட்டு எப்படிண்ணே போறது?"

"நானும் அது பெத்த புள்ளதான? வெரசா கெளம்பு."

செங்கோட்டை முன்னால் வெட்கப்பட்டுச் சிரித்தாள். குதுப்மினாரில் பல் தெரியச் சிரித்தாள். அம்மாவிடம் போனைக் கொடு என்றால், "இப்பத்தான் அசந்துச்சு. இன்னிக்குப் போட்டோ எங்க?" என்பான் அண்ணன்.

பத்தாம் நாள், அம்மாவுக்கு வாங்கிய கம்பளிச் சால்வையோடு பாலசமுத்திரம் வந்து இறங்கினாள். வீடு நிறைய உறவுக்காரர்கள். சுவரில் அம்மா படத்துக்கு மாலை.

அவள் வாய்திறக்கும் முன்னே எதிர்வீட்டு மயில்சாமி எழுந்தார்.

"ஒரு வாரம் தாங்காதுன்னு டாக்டர் சொன்ன பெறகும் ஊர் சுத்தக் கெளம்பிட்டியாமே தாயி. செத்துப்போச்சுன்னு இவன் போன் போட்டும் நீ வரலையாம். உனக்கு எதுக்கு இந்த வீடு?"

டாக்டர் சொன்னதும் அம்மா செத்த சேதியும் அவள் காதுக்கு அப்போதுதான் வந்தன. கந்தவேலின் போன் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் கேட்டபடியே, ஏழு படத்திலும் வள்ளி சிரித்துக்கொண்டிருந்தாள்.