வியாழன் பத்து மணி

"அவன் சாகட்டும்னுதான் காத்துக்கிட்டிருக்கியாப்பா?"

மார்லிஸ் இப்படிக் கேட்டதும் வேறு அப்பனாக இருந்தால் கோப்பையைத் தூக்கி எறிந்திருப்பார். ஆர்வின் ஹாகன் காபியை ஊதிக் குடித்தார்.

ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. சமையலறை மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்கு மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புகளை வெளியிடும். இன்றைக்கு டேரிலின் அப்பீலும் உண்டு என்று நேற்றே அறிவித்துவிட்டார்கள்.

டேரில் அவளுடைய அண்ணன். தானியக் கிடங்குக்குத் தீ வைத்து, உள்ளே தூங்கிய காவலாளியைக் கொன்றான் என்று ஆயுள் தண்டனை. நான் வைக்கவில்லை என்றுதான் இன்றுவரை சொல்கிறான். இப்போது கணையத்தில் புற்றுநோய். சிறை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"சீக்கிரம் விசாரிங்கன்னு ஒரு மனு போட்டிருந்தா போன ஏப்ரல்லயே தீர்ப்பு வந்திருக்கும். நீ என்னடான்னா வக்கீலம்மாவை அவகாசத்துக்கு மேல அவகாசம் கேக்க வச்ச!"

"சீக்கிரம் வந்தா மட்டும் விட்டுருவானுங்களா?"

"விடலாம்ல? சாட்சி பொய்யின்னு வக்கீலம்மாவே சொன்னாங்க."

"வக்கீல் சொல்லுவா, அது அவ தொழில். நாலு வருஷமா இவனுங்க எழுதுறதை ஒண்ணு விடாம படிக்கிறேன். முதல்ல நம்ம பக்கமாத்தான் பேசுவானுங்க. கீழ்க்கோர்ட்டு செஞ்சது தப்புன்னே எழுதுவானுங்க. அப்புறம் 'ஆனாலும்'னு ஒண்ணு வரும் பாரு, அதோட முடிஞ்சுது. அது சின்னத் தப்பாம், அதனால எதுவும் மாறாதாம்."

"எட்டாங்கிளாஸ் தாண்டல, பேச்சு மட்டும் பெரிய நீதிபதி!"

"தாண்டியிருந்தா நானும் உக்காந்து 'ஆனாலும்' எழுதிக்கிட்டிருப்பேன்."

மார்லிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணன் மக பிரிட்டாவை நெனச்சுப் பாத்தியா? ஸ்கூல் பஸ்ல அவ பக்கத்துல ஒரு பிள்ளையும் உக்கார மாட்டேங்குது. கொலைகாரன் மகளாம். அவங்கப்பா பேரு சுத்தமாகணும்னுதானே இந்த அப்பீலே?"

"அதுக்குத்தான்."

"அந்த ஜெயில்காரப் பாவிங்க மருந்தைக்கூட நிறுத்திட்டானுங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

ஆர்வின் லேப்டாப் பக்கம் திரும்பவில்லை. சுவரில் மாட்டியிருந்த டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து ஆகக் கொஞ்சம் இருக்கும்போது அது அடித்தது. சிறை ஆஸ்பத்திரிப் பாதிரியார்தான்.

"சொல்லுங்க பாதிரியாரே... ம்... வலிச்சுதா அவனுக்கு?... சரி." ரிசீவரை வைத்தார். "டேரில் போயிட்டான்."

மார்லிஸ் மேஜை மேல் கவிழ்ந்து கதறினாள். ஆர்வின் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கடிகாரம் பத்து அடித்தது.

"இப்ப அதைத் திற," என்றார்.

கண்ணீரோடு திறந்தாள். சாட்சியை நம்பியது கீழ்க்கோர்ட்டின் தவறு என்றுதான் நீதிபதிகள் ஆரம்பித்திருந்தார்கள். பிறகு அந்த வார்த்தை வந்தது. கடைசி வரியில், தண்டனை உறுதி.

"செத்தவனைக்கூட விடலியேப்பா! எங்கண்ணன் கொலைகாரனாவே போயிட்டானே!"

"டெலிபோன் முதல்ல வந்துச்சா, தீர்ப்பு முதல்ல வந்துச்சா?"

"இப்ப இது ஒரு கேள்வியா? டெலிபோன்தான்."

"அப்ப இது செல்லாது. வக்கீலம்மா இன்னிக்கே போய் இந்தத் தீர்ப்பைக் கோர்ட்டையே வாபஸ் வாங்க வச்சிருவா. அப்பீல் முடியறதுக்குள்ள ஆளு செத்துட்டா, இந்த மாநிலத்துல அவன் மேல வழக்கே இருந்ததில்லைன்னு ஆயிரும். கொலைகாரன்னு இனி ஒருத்தனும் எழுத முடியாது."

மார்லிஸ் அவரையே பார்த்தாள். "அப்ப அந்த அவகாசமெல்லாம்..."

ஆர்வின் அன்று காலையில் முதல் தடவையாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மருந்தை நிறுத்தினது ஜெயில்காரனுங்க இல்லம்மா. தீர்ப்பை முந்திரணும்னு டேரில்தான் வேண்டாம்னுட்டான்."