சிரிக்கிற ஷாட்

வாரம் ஒரு கொலைகாரனைப் பிடிக்கிற அந்த டிவி தொடரின் போலீஸ் அதிகாரிக்கு மனசே இருப்பதாகத் தெரியவில்லை என்று சேனலில் குறைப்பட்டார்கள். அதனால் கதையில் அவருடைய மனைவியைச் சாகடித்துவிடுவது என்று முடிவானது. மனைவியாக நடித்த சுகிர்தா இதுவரை அவருக்குக் காபி கொடுத்ததைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை; கதையில் அவளுக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. இன்று கழுத்தில் சிவப்புச் சாயத்தோடு தரையில் கிடந்தாள். கேமரா அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு அதிகாரியின் முகத்துக்குப் போய்விட்டது. அவர் பிரமாதமாக அழுதார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பிணமாக நடித்தவர்கள் கடைசியில் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடித்தால்தான் தோஷம் கழியும் என்பது அங்கே வழக்கம். சுகிர்தா அதற்காகக் கண்களை மூடியபடியே காத்திருந்தாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவது இமைக்குள் தெரிந்தது.

“சார், என் சிரிப்பை எடுக்கலையே?”

“அடடா, மறந்தே போச்சும்மா. லைட்டெல்லாம் கழட்டியாச்சு. நாளைக்கு எடுத்துக்கலாம்,” என்றார் டைரக்டர்.

“நாளைக்கு நான் இல்லையே சார்.”

அவர் அதற்குள் அதிகாரியைக் கட்டிப்பிடிக்கப் போய்விட்டார். படுத்திருந்தவளைத் தாண்டித் தாண்டி ஆட்கள் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.